பத்தாயிரத்துக்குள் முதல் டேப்: வாங்குமுன் எதைப் பார்ப்பது?

அவிநாசிப் பக்கம் செல்போன், டேப் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம் என்பதால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனிலும், தீபாவளி நோம்பி முடிந்த கையோடும் புது டேப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பாதி டேப்புகளில் ரிப்பேர் என்று எதுவும் இருக்காது. வாங்கும்போதே அதன் லட்சணம் அவ்வளவுதான்.

ஓவர்லாக் டெய்லர் அக்கா ஒருவர் பாப்பா படிப்புக்காக ஆன்லைனில் ஆறாயிரத்துக்கு ஒன்று வாங்கியிருந்தார். "ஏனுங் தம்பி, பன்னெண்டு ஜிபி ராம்னு பொட்டிலயே போட்டிருக்குதுங்க. யூடியூப்பத் தொறந்தா நின்னு நின்னு போவுதுங்களே?" செட்டிங்கிலும் 12 ஜிபி ராம் (ஆப் ஓடும்போது வேலை நடக்கிற இடம்), 512 ஜிபி ஸ்டோரேஜ் (படம், ஆப் சேர்த்துவைக்கும் இடம்) என்றுதான் காட்டியது. அவரிடம் கேட்டுக்கொண்டு, ஓரத்தைச் சூடாக்கிப் பின்மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு போர்டு. ஸ்டோரேஜ் சிப்பின் மேல் பொடியாக அச்சடித்த நம்பரைத் தேடினால் 32 ஜிபி. ராம் வெறும் 2. சாஃப்ட்வேரில் எண்ணை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த மாதிரி டேப்பில் உள்ள இடம் தீர்ந்த பிறகும் படம் ஏறுவது போலக் காட்டும். திறந்தால் ஒன்றும் இருக்காது.

இப்படிப்பட்ட டேப்பைக் கழற்றாமலே ஓரளவு கண்டுபிடிக்க வழி உண்டு. பிளே ஸ்டோரில் உங்கள் கணக்குப் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அபவுட் என்று உள்ளே போனால் பிளே புரொடெக்ட் சர்ட்டிஃபிகேஷன் என்று ஒரு வரி வரும். கூகுள் ஒப்புக்கொண்ட டேப்பா என்று அது சொல்லும். அங்கே 'சர்ட்டிஃபைட்' என்று இல்லையென்றால் அந்த டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு. இந்தியாவில் விற்கும் டேப்புகளுக்கு 2013 முதல் அது கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு எட்டு இலக்க எண் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனி, என்ன பொருள் என்று வந்துவிடும்.

பேர் தெரிந்த கம்பெனியிலும் ஒரு விளையாட்டு உண்டு. '8 ஜிபி ராம்' என்று பெரிதாகப் போட்டு, கீழே எறும்பு எழுத்தில் 4 + 4 என்றிருக்கும். பின்னால் வரும் நாலு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. இந்த விலையில் கிடைக்கும் இஎம்எம்சி என்ற மலிவு வகை ஸ்டோரேஜ், ராமை விடப் பல மடங்கு மெதுவானது. சமையலறையில் இடம் பத்தாமல் பாதிப் பாத்திரத்தைக் களத்துமேட்டில் அடுக்கிவைத்து ஓடி ஓடி எடுப்பதற்குச் சமம். ஆகவே முதல் நாலை மட்டும் கணக்கில் எடுங்கள். அதற்குக் குறைந்தால் வேண்டாம். ஸ்டோரேஜ் 64 ஜிபியாவது இருக்கட்டும். மெமரி கார்டில் வீடியோ போகும், ஆப் எல்லாம் போகாது.

கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பது வீண். திரையைப் பாருங்கள். 1280 × 800 புள்ளிகள் என்பது எட்டு இன்ச்சுக்குப் போதும். பத்து இன்ச்சில் அதே அளவு என்றால் பாடப் பிடிஎஃப்பின் பொடி எழுத்து மங்கலாகத் தெரியும்.

வைஃபையா, சிம் போடுவதா? கடைக்காரர்கள் விலை குறைவு என்று வைஃபை மாடலைத்தான் தள்ளுவார்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் சரி. இல்லாத வீட்டில் நடப்பதே வேறு. "நெட்டு அவங்கப்பா போன்லதானுங் இருக்குது. அவரு ஷிப்ட் முடிஞ்சு ஊடு வந்து சேரவே ராத்திரி ஒம்பதாவுதுங்" என்றார் அந்த அக்கா. அதற்குள் பாப்பா தூங்கிவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஓரிரு ஆயிரம் கூடப் போட்டு சிம் மாடல் வாங்குவதே நல்லது. மெகாபிக்சலுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

என் தொழில் ரகசியம் ஒன்றும் சொல்கிறேன். விலை குறைந்த டேப்புகள் பலவற்றில் மேல் கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் தனித்தனி. கீழே விழுந்தால் பெரும்பாலும் கண்ணாடி மட்டும்தான் போகும், செலவும் குறைவு. ஆனால் கண்ணாடியின் பட்டை ஒயரில் இருக்கும் நம்பருக்குப் பொருத்தமான ஸ்பேர் கிடைத்தால்தான் மாற்ற முடியும். பேர் தெரியாத பிராண்டுக்கு அது கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்படி வந்தவை சில, ஆள் வந்து வாங்காமலே என் ரேக்கில் கிடக்கின்றன.

செகண்ட்ஹேண்ட் வாங்குபவர்கள், சிம் மாடலாக இருந்தால் *#06# அடித்து ஐஎம்இஐ என்ற அதன் தனி அடையாள எண்ணை எடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள். திருட்டுப் பொருளாகத் தடை செய்ததென்றால் காட்டிவிடும். வெளிநாட்டு ஒறம்பரை (சொந்தக்காரர்) கொடுத்த பழைய ஐபேடு என்றால் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதல் ஐபேடு ஏர், ஐபேடு மினி 2 எல்லாம் ஆப்பிளின் ஐஓஎஸ் 12 சாஃப்ட்வேரிலேயே நின்றுவிட்டவை. இன்றைய ஆப்கள் பல அதில் ஏறாது. பழைய ஆளின் ஆப்பிள் ஐடியை அவர் கையாலேயே எடுக்கச் சொல்லிவிட்டு வாங்குங்கள். லாக்கோடு வந்தால் பாஸ்வேர்டு தெரிந்த அவர் இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.