ஏன் இந்தப் பக்கம், ஏன் அந்தப் பக்கம் இல்லை? கிரேக்க மெய்யியலின் ஒரு பழைய கருவி

கிரேக்க மெய்யியலின் வரலாற்றைப் பலரும் ஏதென்ஸ் சிறையில் நஞ்சருந்திய சாக்ரடீஸிலிருந்து தொடங்குகிறார்கள். அவர் இறந்தது கி.மு. 399-இல். அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே, ஏஜியன் கடலின் கிழக்குக் கரையில், இன்றைய துருக்கியில் இருந்த மிலேட்டஸ் என்னும் துறைமுக நகரில் அந்த வரலாறு தொடங்கிவிட்டது.

மிலேட்டஸைச் சேர்ந்த தேலீஸ், எல்லாவற்றுக்கும் மூலம் நீரே என்றும், பூமி ஒரு மரக்கட்டையைப் போல நீரின்மேல் மிதக்கிறது என்றும் கருதினார் என்பது அரிஸ்டாட்டில் தரும் செய்தி. கப்பல் அலையில் ஆடுவதுபோல் பூமி ஆடுவதே நிலநடுக்கம் என்று அவர் விளக்கியதாக ரோமானியரான செனெக்கா எழுதுகிறார். போசைடன் என்னும் கடல் தெய்வத்தின் சினத்தால் நிலம் நடுங்குவதாக நம்பிய மக்களிடையே, கப்பலையும் அலையையும் கொண்டு அதை விளக்கியது பெரிய திருப்பம்தான். ஆனால் பூமியை நீர் தாங்கினால், அந்த நீரைத் தாங்குவது எது?

தேலீஸுக்கு அடுத்த தலைமுறையினரும் அதே ஊர்க்காரருமான அனாக்சிமாண்டர், தாங்குவதற்கு இன்னொரு பொருளைத் தேடவில்லை. பூமி எதன்மேலும் நிற்கவில்லை என்றார். எல்லாவற்றுக்கும் நடுவில், எல்லாத் திசைகளிலிருந்தும் சம தொலைவில் இருக்கும் ஒரு பொருள் மேலே போகவோ கீழே போகவோ பக்கவாட்டில் நகரவோ ஒரு காரணம் வேண்டும். எந்தத் திசைக்கும் தனிக் காரணம் இல்லாதபோது அது இருந்த இடத்திலேயே இருக்கும் என்பது அவர் வாதம். இரு தட்டுகளிலும் ஒரே எடையை வைத்த துலாக்கோல் எந்தப் பக்கமும் சாயாததைப் போன்றது இது. பூமியின் வடிவத்தை அவர் தவறாகவே கணித்தார்: அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள உருளை என்றார். ஆயினும், ஒரு காரணம் இல்லை என்பதையே காரணமாக நிறுத்தியது, நமக்குத் தெரிந்தவரை கிரேக்கச் சிந்தனையில் இதுவே முதல் முறை. இத்தனைக்கும் அவர் எழுதிய நூலில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ ஒரு வாக்கியம்தான். மற்றவை பிறர் சொல்லித் தெரிந்தவை.

‘ஏன் இப்படி, ஏன் அப்படி இல்லை?’ என்று கேட்கும் இந்தக் கருவியை மிகக் கூர்மையாகத் தீட்டியவர் தென் இத்தாலியின் எலியா நகரத்துப் பார்மெனிடிஸ். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அவர் செய்யுளாக இயற்றிய நூலில் வரும் வாதத்தை இப்படிச் சுருக்கலாம். இல்லாத ஒன்றை எண்ணவும் முடியாது, சொல்லவும் முடியாது. அப்படியானால் உள்ளது எங்கிருந்து தோன்றியிருக்கும்? இல்லாததிலிருந்து தோன்றியது என்றால், எந்தத் தேவை அதைச் சற்று முன்பாகவோ பின்பாகவோ அல்லாமல் அந்த நேரத்தில் தோன்றச் செய்தது? ஒன்றுமே இல்லாத நிலையில் ஒரு கணத்துக்கும் இன்னொரு கணத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே தோற்றம் என்பதே இல்லை. அழிவும் மாற்றமும் இல்லை. அனாக்சிமாண்டர் இடத்தைப் பற்றிக் கேட்டதை இவர் காலத்தைப் பற்றிக் கேட்டார். நம் கண்முன் நடக்கும் மாற்றம் அனைத்தையும் மறுக்கும் முடிவு இது. நம்புவது கடினம், ஆனால் வாதத்தில் ஓட்டை எங்கே என்று காட்டுவது அதைவிடக் கடினம்.

அவருக்குப் பின் வந்தவர்கள் பாதி வழி இறங்கிவந்தார்கள். எதுவும் இன்மையிலிருந்து தோன்றாது என்பதை ஏற்ற சிசிலிக்காரர் எம்பெடோக்ளிஸ், நிலம், நீர், காற்று, நெருப்பு என்னும் நான்கு வேர்கள் கலப்பதையும் பிரிவதையுமே நாம் பிறப்பு, இறப்பு என்கிறோம் என்றார். லூசிப்பஸும் அப்டெரா நகரத்து டெமாக்ரிட்டஸும் இன்னும் துணிச்சலானவர்கள். அழியாத, பிளக்க முடியாத அணுக்களும் அவை நகர்வதற்கான வெற்றிடமும் மட்டுமே உள்ளன என்றனர். பார்மெனிடிஸின் கருவியையே அவர் பக்கம் திருப்பி, உள்ளதற்கு இல்லாததைவிட மிகுதியான இருப்பு எதுவும் இல்லை, ஆகவே வெற்றிடமும் உண்டு என வாதிட்டனர். அணு இந்த வடிவில் இருக்கவும் அந்த வடிவில் இல்லாதிருக்கவும் காரணம் இல்லை என்பதால், அணுக்களின் வடிவங்கள் எண்ணற்றவை என்ற முடிவுக்கும் அதே வழியில்தான் வந்தார்கள்.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) இந்தக் கருவியை நம்பவில்லை. பூமியைப் பற்றிய அனாக்சிமாண்டரின் வாதம் நயமானது, ஆனால் உண்மையன்று என்றார். பசியும் தாகமும் சம அளவில் உள்ள ஒருவன், உணவுக்கும் நீருக்கும் சரிநடுவில் நகராமல் நின்றுவிடுவான் என்பதுபோல இருக்கிறது இது எனக் கேலியும் செய்தார். வேடிக்கை என்னவென்றால், வெற்றிடம் இல்லை என நிறுவ வந்தபோது அவரே அந்தக் கருவியைக் கையில் எடுத்தார். வெற்றிடத்தில் நகரத் தொடங்கிய பொருள் ஓரிடத்தில் நிற்பானேன், இங்கே நிற்காமல் அங்கே நிற்பானேன் என்று கேட்டார். ஒன்று, அது அசையாதிருக்க வேண்டும். இல்லையேல், வலிமை மிக்க வேறொன்று தடுக்காத வரை முடிவின்றி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இது ஒவ்வாத முடிவு, ஆதலால் வெற்றிடம் இல்லை என்பது அவர் கொள்கை. அவர் ஒவ்வாதென ஒதுக்கிய அதே முடிவை ஏறத்தாழ அப்படியே, 1687-இல் நியூட்டன் தம் முதல் இயக்க விதியாக வெளியிட்டார்.