காய்ச்சல் எப்போது, பாய்ச்சல் எப்போது: வறண்ட பருவமும் எலுமிச்சை மகசூலும்

புளியங்குடிப் பக்கம் தோட்டம் பார்க்கச் சென்றிருந்தபோது, நெடுங்காலமாக எலுமிச்சை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: “வறட்சியில வெளைஞ்ச திராட்சையிலதான் நல்ல ஒயின் வரும்னு சொல்லுதாவளே, நம்ம எலுமிச்சைக்கும் தண்ணியக் கொறச்சா சாறு ஏறுமா சார்?” நெல்லைச் சீமையின் மலையடிவாரத் தோட்டங்களில் இதே கேள்வியைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு நிற்காமல் தண்ணீரை நிறுத்திவிட்டு, பிஞ்சு முழுவதும் உதிர்ந்த பிறகு அழைப்பவர்களும் உண்டு என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

திராட்சையைப் பற்றி அவர் கேள்விப்பட்டது உண்மைதான். காய்ப் பருவத்தில் தண்ணீரை அளவாகக் குறைத்தால் பழம் சிறுத்து, சாற்றை நோக்கத் தோலின் பங்கு கூடும். சிவப்பு ஒயினுக்கு வேண்டிய நிறமும் துவர்ப்பும் பெரும்பாலும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவதால் அங்கே சிறிய பழம் குறையாகாது. ஆனால் வறட்சி எல்லை மீறினால் இலைத்துளைகள் மூடி, இனிப்பு ஏறுவது நின்று, பழம் வெயிலில் வெந்து சுருங்கிவிடும். 2003இல் ஐரோப்பாவை வாட்டிய வெப்பத்தால் பிரான்சின் பல பகுதிகளில் அறுவடை ஆகஸ்டிலேயே தொடங்கியது. பழத்தில் இனிப்பு ஏறியது, புளிப்பு இறங்கியது. நாமோ புளிப்பையும் சாற்றையும் எடையையும் நம்பி விற்கிறவர்கள்.

எலுமிச்சைக்கும் காய்ச்சலும் பாய்ச்சலும், அதாவது தண்ணீரை நிறுத்தி மண்ணைக் காயவிடுவதும் பிறகு பாய்ச்சுவதும், வேண்டும். எந்தக் கட்டத்தில் என்பதே கேள்வி. பூவெடுப்பதற்கு முன் மரத்தைச் சில வாரம் வாடவிட்டுப் பிறகு தண்ணீர் விட்டால் பூ ஒன்றாக வெடிக்கும். பூத்த நாளிலிருந்து அறுவடைக்கு ஏறத்தாழ 5 முதல் 6 மாதம் ஆகிறது. அதில் பிஞ்சு பட்டாணி அளவிலிருந்து கோலி அளவுக்கு வரும் காலத்தில் காயவிட்டால் இழப்பை ஈடுகட்ட வழியில்லை. அன்று அந்தத் தோட்டத்தில் ஒரு பழத்தை அறுத்துக் காட்டினேன்: தோல் தடித்து, சுளைகள் ஒட்டி, பிழிந்தால் அரைத் தேக்கரண்டிகூடத் தேறவில்லை.

மதியத்தில் இலை சுருள்வதைக் கண்டு பதற வேண்டாம். விடியற்காலையிலும் சுருள் விரியாமல் இருந்தால் வேர்ப்பகுதியில் ஈரம் இல்லை என்று கொள்ளலாம். உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வதால், சருகும் வைக்கோலும் இட்ட மூடாக்கு, கிணறு வற்றும் நாட்களில் பெருந்துணை. தண்ணீர் எல்லா மரத்துக்கும் போதாது என்றால், காய் பிடித்த மரங்களுக்கு மட்டும் சொட்டுநீராகக் கொடுத்து, மற்றவற்றின் உயிரைக் காக்கும் அளவோடு நிறுத்துங்கள். எல்லாவற்றுக்கும் அரைகுறையாகப் பாய்ச்சி எதிலும் மகசூல் எடுக்காமல் போன தோட்டங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நீண்ட காய்ச்சலில் இறுகிப்போன தோல், வடகிழக்குப் பருவமழையில் மரம் திடீரென உறிஞ்சும் நீருக்கு ஈடுகொடுத்து விரிய முடியாமல் வெடிக்கிறது. வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் எடுப்பதில்லை. ஆகவே புரட்டாசிக் கடைசியில் கிணற்றில் மிஞ்சியிருக்கும் தண்ணீரைச் சேர்த்து வைக்காமல், ஐப்பசி மழை இறங்கும் முன்பே சிறுகச் சிறுக மரத்துக்குக் கொடுத்துவிடச் சொல்கிறேன்.