குளிரில் அமோனியா ஏன் மிஞ்சுகிறது?

கனடா, நோர்வே போன்ற நாடுகளில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துபவர்களுக்கு மார்கழி, தை மாதங்களில் ஒரு தலையிடி உண்டு. காற்று ஊதும் இயந்திரம் ஓடும், எதிலும் பழுதிருக்காது. ஆனாலும் வெளியேறும் நீரில் அமோனியா கூடிக்கொண்டே போகும். கழிவுநீர் வருடம் முழுக்க 30 பாகை செல்சியஸை ஒட்டியே கிடக்கும் கொழும்பில் இதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சிறுநீரிலுள்ள யூரியா உடைந்துதான் கழிவுநீரில் அமோனியா சேர்கிறது. அதை அகற்ற இரண்டு கூட்டப் பற்றீரியாக்கள் வேண்டும். நைத்ரோசோமோனாசு போன்றவை அமோனியாவை நைத்திரைற்றாக்கும்; நைத்ரோஸ்பைரா போன்றவை அதை நைத்திரேற்றாக்கும். 1890 அளவிலேயே வினோகிராட்ஸ்கி என்ற உருசிய விஞ்ஞானி இந்த வகைப் பற்றீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார்.

இவை பிழைப்பதே பெரும்பாடு. மற்றப் பற்றீரியாக்களுக்கு மலத்திலும் உணவு மிச்சத்திலும் சமைத்த சாப்பாடே கிடைக்கிறது. இவற்றுக்கோ அமோனியாவை எரித்து வரும் சொற்ப சக்தியில், காபனீரொட்சைட்டிலிருந்து தங்கள் உடலைத் தாங்களே கட்ட வேண்டும். மற்றவை சில மணித்தியாலங்களில் இரட்டிக்கும். இவற்றுக்கு வசதியான சூட்டிலும் ஒரு நாள் அளவு தேவை. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் அந்த வேகமும் பாதியாகிவிடும், சில வேளை அதற்கும் கீழே போகும். 5 பாகைக்குக் கீழே ஏறக்குறைய நின்றே விடும்.

கொழும்பில் இரவில் அரைத்து வைத்த தோசை மா காலையில் பொங்கி வழியும். நுவரெலியாவில் விடிந்தும் அப்படியே கிடக்கும். இதுவும் அதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. மா சட்டியிலேயே இருப்பதால் மத்தியானமாவது பொங்கும். சுத்திகரிப்புத் தொட்டியில் அப்படிக் காத்திருக்க முடியாது. பற்றீரியாக்களும் கழிவும் திரண்டு உண்டாகும் சேற்றில் மிதமிஞ்சியதை நாளாந்தம் வெளியே எடுக்க வேண்டும், அதோடு பற்றீரியாக்களும் போகும். பிறப்பதைவிடப் போவது கூடினால் சில வாரங்களில் கூட்டமே காணாமல் போய்விடும். குளிர் அவற்றைக் கொல்வதில்லை, பெருகும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். மிச்ச வேலையை நாம் எடுக்கும் சேறு செய்துவிடுகிறது.

ஆகவே முக்கியமான எண், சேறு தொட்டியில் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்பதுதான். 30 பாகையில் 3, 4 நாள் போதும். 10 பாகையில் 10 முதல் 20 நாள் வரை வேண்டும், அதற்கேற்பத் தொட்டியும் பெரிதாக வேண்டும். குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்திலேயே சேற்றை எடுப்பதைக் குறைத்து, பற்றீரியாக்களைச் சேமிக்கத் தொடங்குவார்கள். நோர்வேயில் உருவான வழி இன்னும் கெட்டித்தனமானது: சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகளைத் தொட்டியில் மிதக்க விடுவது. பற்றீரியாக்கள் அவற்றில் ஒட்டி வளர்வதால் சேற்றோடு போவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991 ஆம் ஆண்டுக் கழிவுநீர்ப் பணிப்புரையே, நைதரசன் விதியில் 12 பாகையை ஓர் எல்லையாகக் குறிப்பிடுகிறது.

நமக்கு இது முற்றிலும் அந்நியக் கதை என்றும் சொல்ல முடியாது. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை அளவுதான். கொழும்புத் தொடர்மாடியின் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போட்ட இந்த நாள் கணக்கை அங்குள்ள ஹோட்டலுக்கும் அப்படியே போட்டால், தை மாதத்தில் அமோனியா மிஞ்சும்.

சரி, கொழும்பில் சூடு இலவசம், அதனால் பிரச்சினை இல்லையா? இருக்கிறது. 10 பாகை நீரில் லீற்றருக்கு 11 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். ஒரு கிராம் அமோனியா நைதரசனை நைத்திரேற்றாக்க நாலரைக் கிராமுக்கு மேல் ஒட்சிசன் வேண்டும். ஆகவே செலவு மின்கட்டணத்தில் தெரியும். அதோடு, சூட்டில் வேறு பற்றீரியாக்கள் சேற்றைப் படியவிடும் தொட்டியின் அடியிலேயே நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கத் தொடங்கிவிடும். அந்தக் குமிழிகள் படிந்த சேற்றைக் கட்டி கட்டியாக மேலே தூக்கிவரும்.

இன்னொன்று, என் கணிப்பில் இதுதான் பெரிது. நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கும்: மின்னேற்றம் பெற்ற அமோனியம் அயன், அப்படி அயனாகாத அமோனியா. மீனுக்கு நஞ்சாவது அயனைவிட, அயனாகாததுதான். பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 8 உள்ள நீரில் அதன் பங்கு 10 பாகையில் 2 சதவீதத்துக்கும் குறைவு, 30 பாகையில் 7 சதவீதத்துக்கும் மேல். நோர்வேயின் குளிர்ந்த ஏரியில் விழும் ஒரு மில்லிகிராம் அமோனியாவைவிட, அதே பி.எச். உள்ள கொழும்பின் பேர வாவியில் விழும் ஒரு மில்லிகிராமில் நஞ்சு வடிவம் நான்கு மடங்கு.