ஃபிலிம் ஸ்கேனரும் அகச்சிவப்பு ஒளியும்

பழைய ஃபிலிமை டிஜிட்டலாக்க ஸ்கேனர் வாங்குவோர் பெரும்பாலும் ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் பதிவாகும் என்பதைச் சொல்லும் டிபிஐ எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஆனால் எது பொருந்தும் என்பதைக் கையிலுள்ள ஃபிலிமின் வகையே தீர்மானிக்கிறது.

டிபிஐ கணக்கு எளியது. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 36 × 24 மி.மீ. அளவுடையது, 4000 டிபிஐயில் அதிலிருந்து ஏறத்தாழ 2.1 கோடி பிக்சல்கள் கிடைக்கும். எப்சன் வி600 போன்ற தட்டை ஸ்கேனருக்குச் சொல்லப்படும் 6400 என்பது உணரி பதிவுசெய்யும் புள்ளிகளின் கணக்கு மட்டுமே. லென்சு அத்தனை நுணுக்கத்தைக் கடத்தாததால், கோடுகள் பொறித்த சோதனைத் தகட்டை வைத்து அளந்தால் அதில் பாதிகூடத் தேறாது.

தூசியையும் கீறலையும் நீக்கும் அகச்சிவப்பு வசதியே இதைவிடக் கவனிக்கத்தக்கது. வண்ண ஃபிலிமைக் கழுவும்போது வெள்ளி முழுவதும் வெளியேற்றப்பட்டுச் சாயங்கள் மட்டுமே எஞ்சுகின்றன. அந்தச் சாயங்கள் அகச்சிவப்பு ஒளியைத் தடையின்றி விடுகின்றன, தூசியும் கீறலும் விடுவதில்லை. ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றோடு நான்காவதாக அகச்சிவப்பிலும் ஒரு பதிவு எடுத்தால், அதில் படம் மறைந்து குறைகள் மட்டும் கருமையாகத் தெரியும். அந்த இடங்களை மென்பொருள் அக்கம்பக்கத்து நிறங்களைக் கொண்டு நிரப்பிவிடும்.

கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. அவை அகச்சிவப்பையும் மறிப்பதால், முகம் எது, தூசி எது என்று கருவிக்குப் பிரித்தறிய முடியாமல் போய், படத்தின் நுணுக்கங்களையே அழித்துவிடும். வண்ண நெகடிவ் முறையில் கழுவப்பட்டுச் சாயத்தாலேயே படம் அமையும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிம் இதற்கு விலக்கு. கோடாக்குரோம் ஸ்லைடோ (நெகடிவ் போலன்றி நிறங்கள் இயல்பாகவே தெரியும் ஃபிலிம்) வண்ணப்படமாக இருந்தும் அதன் மயில்நீலச் சாயம் அகச்சிவப்பை ஓரளவு உறிஞ்சுவதால் தொல்லை தரும். வெள்ளித் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கவும் செய்கின்றன: 1909-இல் ஆந்த்ரே கலியே விளக்கியபடி, ஒரே திசையில் பாயும் ஒளியில் அத்தகைய படத்தில் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள மாறுபாடு கூடித் தெரியும், கீறல்களும் துலங்கும். எனவே கறுப்பு வெள்ளைக்குப் பல திசைகளிலிருந்தும் விழும் பரவலொளி தரும் கருவியே நல்லது.

ஸ்லைடுக்குக் கேள்வி வேறு. ஃபிலிம் ஒளியை எவ்வளவு மறிக்கிறது என்பதன் அளவான ஒளியடர்த்தி 3 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளியே ஊடுருவும்; ஸ்லைடின் கரிய நிழல்கள் அதையும் தாண்டக்கூடும் என்பதால், மலிவான ஸ்கேனரில் அவை இரைச்சலாகவே, அதாவது தாறுமாறான புள்ளிகளாகவே, பதிவாகும். நெகடிவ்களில் இந்தச் சிக்கல் குறைவு.

பெட்டி நிறைய வண்ண நெகடிவ்களை வைத்திருப்பவர் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாவது அகச்சிவப்பு வசதியுள்ள ஃபிலிம் ஸ்கேனரை வாங்குவதே தகும் என்பது என் கருத்து. கறுப்பு வெள்ளை மட்டும் உள்ளவருக்கு அது வீண் செலவு. மேக்ரோ லென்சு பொருத்திய கேமராவும் பரவலொளிப் பலகையும் காற்றூதியும் அவருக்குப் போதும். வேலையும் விரைவாக முடியும்.