முதல் பெருவேட்டைக்குப் புறப்படுபவருக்கு ஒரு மருத்துவரின் குறிப்பு

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதத்தில், நாற்பது வயதைக் கடந்த பொறியாளர் ஒருவர் காய்ச்சலும் கடுந்தலைவலியுமாக என் மருந்தகத்துக்கு வந்தார். சிங்கப்பூரில் காய்ச்சல் என்றால் டெங்கியைத்தான் முதலில் நினைப்போம். அவரும் அப்படியே நினைத்து வந்திருந்தார். பரிசோதனையில் டெங்கி இல்லை. அண்மையில் எங்கேனும் பயணம் போனீர்களா என்று கேட்ட பிறகே, தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாநிலத்தில் முதன்முதலாக மான் வேட்டைக்குப் போய்த் திரும்பி நான்கு நாள் ஆகிறது என்றார். காற்சட்டையை உயர்த்திப் பார்த்தால், முழங்காலின் பின்மடிப்பில் பச்சைப்பயறு அளவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவப்பு, தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சலின் அடையாளங்கள் அவை.

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுவது பெரும்பாலும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற வேறொரு காய்ச்சலைத்தான். அதன் கிருமி வேறு, பரப்பும் பூச்சியும் வேறு. ஆப்பிரிக்க உண்ணிக் காய்ச்சலைத் தருவது ரிக்கெட்சியா ஆப்பிரிக்கே என்ற பாக்டீரியா. புல்வெளியில் இதைப் பரப்பும் உண்ணி, செடியில் காத்திருப்பதோடு நில்லாமல் ஆளை நோக்கி ஓடியும் வரும் என்பதால், ஒருவர் உடலிலேயே பல கடிகள் இருக்கலாம். கடித்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் காய்ச்சல் தொடங்கும். தொடக்கத்தில் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தெரியாது. ஆகவே முடிவுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்தேன், இரண்டே நாளில் அவர் தெளிந்தார். கூடவே மலேரியாவுக்கும் இரத்தம் எடுத்தேன், ஏனெனில் லிம்போப்போவின் தாழ்நிலப் பகுதிகளில் அதுவும் உண்டு, தாமதித்தால் அது உயிரை வாங்கும்.

புதிதாகப் போகிறவர்கள் துப்பாக்கியைப் பற்றி மாதக்கணக்கில் படிக்கிறார்கள், காலுறையைப் பற்றி யாரும் படிப்பதில்லை. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தோய்த்த நீண்ட காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு, வெளியே தெரியும் தோலில் டீட் (DEET) கலந்த பூச்சிவிரட்டி மருந்தைப் பூசுங்கள். மாலையில் குளிக்கும்போது தொடையிடுக்கு, அக்குள், முழங்கால் மடிப்பு எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் உண்ணியைக் கூர்முனை இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். எண்ணெயோ நெருப்போ வேண்டாம்.

சிங்கப்பூரின் கட்டாய இராணுவப் பயிற்சியான தேசிய சேவையில் சுட்டுப் பழகியவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பல ஆப்பிரிக்க நாடுகளில் காட்டெருமையைச் சுட வழக்கமான குறைந்தபட்சத் துப்பாக்கி அளவு .375 காலிபர் (அங்குலத்தில் குழல் விட்டம்), அதன் பின்னுதைப்பை நீங்கள் பழகிய 5.56 மில்லிமீட்டர் துப்பாக்கியோடு ஒப்பிடவே முடியாது. கண்ணைத் துப்பாக்கியின் தொலைநோக்கிக்கு மிக நெருக்கி வைத்தவர்கள் புருவத்தில் பிறை வடிவ வெட்டோடு திரும்புகிறார்கள். முதல் பயணத்தில் இம்பாலா மான், காட்டுப்பன்றி போதும். வேட்டைத் துப்பாக்கி ஓசை 140 டெசிபலைத் தாண்டும், ஒரே வெடியில் செவி நிரந்தரமாகக் கெடலாம். விலங்கின் அரவம் கேட்காதே என்று காதடைப்பானைக் கழற்றுகிறார்கள். மெல்லொலியை உள்ளே விட்டு வெடியோசையை மட்டும் அடக்கும் மின்னணுக் காதுறைகள் கடைகளில் கிடைக்கின்றன.

புறப்படுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். திரும்பிய மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்பதற்கு முன்பே எந்தக் காட்டில் இருந்தீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.