ஆன்டி-கிளேர் கண்ணாடி போட்டும் கண் கூசுகிறதா? கோட்டிங்கைத் திட்டாதீர்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பையிலிருந்து மூன்று கண்ணாடிகளை எடுத்து என் மேசைமேல் வரிசையாக வைத்தார். மூன்றிலும் ஒரே பவர். "எல்லாமே ஆன்டி-கிளேர். ஒவ்வொரு தடவையும் முந்தையதைவிட உயர்ந்த ரகம் என்றுதான் கொடுத்தார்கள். இரவில் எதிரே வண்டி வந்தால் இன்னமும் கண் கூசுகிறது. போலிக் கோட்டிங்தானே இது?" என்றார்.

போலி இல்லை. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். மூன்றிலும் மங்கலான பச்சைச் சாயல் சரியாகத் தெரிந்தது. கோளாறு கண்ணில் இருந்தது. கண்ணின் உட்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியின் முன் உட்காரவைத்துப் பார்த்தால், இரண்டு கண்களிலும் விழிலென்ஸின் பின்பக்கம், நட்டநடுவே புரை. ஒன்றரை ஆண்டாகக் கண்ணாடி மாற்றிக்கொண்டே இருந்தவரை ஒருவர்கூட அந்தக் கருவியின் முன் உட்காரச் சொல்லவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பெயர். 'கிளேர்' என்றதும் கண் கூச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்தப் பூச்சு தடுப்பது கண்ணாடியின் மேற்பரப்பில் ஏற்படும் பிரதிபலிப்பை மட்டுமே. கணக்காகவே சொல்கிறேன். பூச்சில்லாத சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸ் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். முன்பக்கம் 4, பின்பக்கம் 4. மீதி 92 கண்ணுக்குள் போகும். நல்ல பூச்சு போட்டால் 99 வரை உள்ளே போகும். அதாவது எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கொளி முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் உங்கள் கண்ணை அடைகிறது. கூடுதல் ஒளியை உள்ளே விடும் ஒரு பொருள் கூச்சத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? இது கூலிங் கிளாஸ் அல்ல. வெளிச்சத்தைக் குறைப்பது இதன் வேலையே அல்ல.

அதற்காகப் பூச்சு வீண் என்று சொல்லவில்லை. பின்னாலிருக்கும் விளக்கு லென்ஸின் உட்பக்கம் பட்டுக் கண்ணில் அடிப்பது, ஒரு விளக்கின் பக்கத்தில் மங்கலாக இன்னொரு விளக்கு தெரிவது, எதிரே பேசுபவருக்கு உங்கள் விழிக்குப் பதிலாக ட்யூப்லைட் தெரிவது, இவையெல்லாம் போய்விடும். பவர் அதிகமாக இருப்பவர்கள் வாங்கும் மெல்லிய லென்ஸ்களில் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் திறன்) அதிகம், பிரதிபலிப்பும் அதிகம், 1.67 என்று எழுதியிருக்கும் லென்ஸில் அது 12 சதவீதம் அளவுக்குப் போகும். அவர்களுக்குப் பூச்சு வேண்டுமா என்று நான் கேட்பதே இல்லை, போடச் சொல்லிவிடுவேன்.

உங்கள் தொல்லை எந்த வகை என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். இரவில் தொலைவில் இருக்கும் தெருவிளக்கைப் பார்த்தபடி கண்ணாடியை லேசாகச் சாய்த்து அசையுங்கள். வண்டி ஓட்டும்போது அல்ல! போலி விளக்கு கண்ணாடியோடு சேர்ந்து நகர்ந்தால் அது லென்ஸின் பிரதிபலிப்பு. கண்ணாடியை எப்படி அசைத்தாலும் ஒளிவட்டமும் கதிர்களும் விளக்கைச் சுற்றி அப்படியே நின்றால் கண்ணைக் காட்ட வேண்டும். புரையாக இருக்கலாம், கண்ணாடியில் விட்டுப்போன சிலிண்டர் பவராக (விழியின் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இருக்கலாம், வெறும் கண் உலர்வாகவும் இருக்கலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைத் தள்ளிப்போடவே கூடாது. நான் சொன்ன பின்பக்கப் புரை அவர்களுக்கு இளம் வயதிலேயே வரலாம்.

இன்னொன்று: லென்ஸில் நீலச் சாயல் தெரிந்தால் அது கணினித் திரையிலிருந்து காப்பாற்றும் என்ற நம்பிக்கை. நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகளைப் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, அவை கணினிக் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே சொன்னது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்ட மறக்கிறீர்கள், அதுதான் விஷயம்.

பராமரிப்புக்கு வருகிறேன். பூச்சின் மொத்தத் தடிமன் தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. அதைச் சட்டை நுனியால் உலரத் தேய்க்கிறீர்கள்! முதலில் குளிர்ந்த நீரில் காட்டித் தூசியைப் போக்குங்கள், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவுங்கள், பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றுங்கள். அசிட்டோன், ஜன்னல் துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் தயவுசெய்து கண்ணாடியை விட்டுவராதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரியும், பூச்சு அந்த அளவுக்கு விரியாது. சிலந்திவலை போல நுண்ணிய வெடிப்புகள் விழும். அப்படி வெடித்த பூச்சைச் சரிசெய்ய வழியில்லை, லென்ஸைத்தான் மாற்ற வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடையில் போய் 'கிளேர் அடிக்கிறது' என்று ஒற்றை வரியில் சொல்லாதீர்கள். பகலிலா இரவிலா, ஒரு கண்ணிலா இரண்டிலா, எத்தனை மாதமாக, கண்ணாடியைக் கழற்றினாலும் உண்டா என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் யாராவது நேராக லென்ஸ் பட்டியலை எடுத்து நீட்டினால், எழுந்து வந்துவிடுங்கள்.