1965 வாக்குரிமைச் சட்டம்: முன் அனுமதி விதி ஏன் வந்தது, எப்படி வேலை செய்தது

நிறத்தைக் காரணம் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசமைப்பின் 15ஆம் திருத்தம் 1870இலேயே சொல்லிவிட்டது. ஆனால் தென் மாநிலங்கள், ‘நிறம்’ என்ற சொல்லே வராதபடி சட்டம் எழுதிக் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து வெளியே தள்ளின.

வழி காட்டியது மிசிசிப்பியின் 1890 அரசமைப்பு. வாக்களிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்ற வரி. முந்தைய 2 ஆண்டு வரியைத் தேர்தல் ஆண்டின் பிப்ரவரி 1க்குள் கட்டியிருக்க வேண்டும். அதோடு, மாநில அரசமைப்பின் ஒரு பிரிவை வாசிக்க வேண்டும், அல்லது வாசிக்கக் கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். எந்தப் பிரிவைக் கேட்பது, எந்தப் பதிலை ஏற்பது என்பதெல்லாம் வாக்காளர் பதிவு அதிகாரியின் இஷ்டம். 1898இல் லூசியானா ‘தாத்தா விதி’யைச் சேர்த்தது: 1867 ஜனவரி 1 அன்று வாக்குரிமை இருந்தவரின் மகனுக்கும் பேரனுக்கும் எழுத்தறிவுத் தேர்விலிருந்து விலக்கு. அந்தத் தேதியில் அங்கே கறுப்பினத்தவருக்கு வாக்குரிமையே கிடையாது. 1896இல் அம்மாநிலப் பட்டியலில் இருந்த கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904இல் 1,342 பேர்.

வாஷிங்டனில் ஆண்ட தலைவர்கள் கையில் ஆயுதம் இல்லாமல் இல்லை. வாக்குரிமையை மறுக்கும் மாநிலத்துக்கு நாடாளுமன்ற இடங்களைக் குறைக்க வேண்டும் என்று 14ஆம் திருத்தத்தின் 2ஆம் பிரிவு சொல்கிறது. தியடோர் ரூஸ்வெல்ட் போட்டியிட்ட 1904 தேர்தலில் குடியரசுக் கட்சி இதைத் தன் அறிக்கையிலேயே வைத்தது. பெரும் வெற்றி பெற்றும் ஓர் இடம்கூடக் குறைக்கப்படவில்லை. அதிபர் வுட்ரோ வில்சன் ஆட்சியில் அரசு அலுவலகங்களுக்குள்ளேயே நிறப் பிரிவினை பரவியது. அதிபர் ட்ரூமன் 1948இல் ராணுவத்தில் சம நடத்தைக்கு ஆணையிட்டார். அது முக்கியமான படிதான், ஆனால் வாக்காளர் பதிவை அது தொடவில்லை.

1957இல் அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம், பதிவு அதிகாரிகள் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கு அதிகாரம் தந்தது. கோளாறு இங்கேதான். மாவட்டம் போன்ற ஒவ்வொரு கவுண்டிக்கும் தனி வழக்கு. ஒரு தேர்வைத் தடுத்தால் அதிகாரி இன்னொரு தேர்வைக் கொண்டுவருவார். அலபாமாவின் செல்மா நகரம் உள்ள டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவர் சுமார் 15,000 பேர். 4 ஆண்டு வழக்குக்குப் பிறகு பதிவு 156இலிருந்து 383 ஆனது, அவ்வளவுதான்.

1965 ஆகஸ்ட் 6 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வாக்குரிமைச் சட்டம் நிரூபிக்கும் பொறுப்பையே இடம் மாற்றியது. முதலில், 4ஆம் பிரிவின் சூத்திரம். 1964 நவம்பர் 1 அன்று எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடை இருந்து, வாக்களிக்கும் வயதினரில் பாதிக்கும் குறைவானவர்களே பதிவு செய்திருந்தால், அல்லது அவ்வாண்டு அதிபர் தேர்தலில் வாக்களித்திருந்தால், அந்தப் பகுதி சட்டத்துக்குள் வரும். அங்கே தேர்வு உடனே நிறுத்தப்படும். தேவைப்பட்டால் வாஷிங்டன் அனுப்பும் அலுவலர்களே நேரடியாகப் பதிவு செய்வார்கள்.

அடுத்து 5ஆம் பிரிவு, முன் அனுமதி. வாக்குச்சாவடியை இடம் மாற்றுவது முதல் தொகுதி எல்லை வரை எந்த மாற்றத்தையும் அந்தப் பகுதிகள் அமலாக்கும் முன் அட்டர்னி ஜெனரலுக்கோ வாஷிங்டன் நீதிமன்றத்துக்கோ அனுப்ப வேண்டும். மாற்றம் பாகுபாடற்றது என்று காட்டவேண்டியது மாநிலம். அட்டர்னி ஜெனரல் மறுப்புச் சொல்ல 60 நாள் அவகாசம். மிசிசிப்பியில் 6.7 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் பதிவு 1967இல் 59.8 சதவீதமானது.

பதிவைத் தடுக்க முடியாதபோது வாக்கின் பலத்தைக் குறைக்க முயன்றார்கள். வார்டுகளை ஒழித்து, ஊர் முழுவதையும் ஒரே தொகுதியாக்கினால் பெரும்பான்மையினரே எல்லா இடங்களையும் பிடிப்பார்கள். இத்தகைய மாற்றங்களுக்கும் முன் அனுமதி தேவை என்று உச்ச நீதிமன்றம் 1969இல் கூறியது. ஏற்கெனவே அமலில் இருந்த தேர்தல் முறைகளை எதிர்க்க, பாகுபாட்டைத் தடை செய்யும் இச்சட்டத்தின் 2ஆம் பிரிவு இருந்தது. ஆனால் கெட்ட நோக்கத்தை நிரூபிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 1980 தீர்ப்பு. பாகுபாடான விளைவைக் காட்டினாலே போதும் என்று நாடாளுமன்றம் 1982இல் திருத்தியது.

2013 ஜூன் 25 அன்று அலபாமாவின் ஷெல்பி கவுண்டி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் 4ஆம் பிரிவின் சூத்திரத்தை ரத்து செய்தது. 5ஆம் பிரிவு ஏட்டில் இருக்கிறது. அது யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் பட்டியல்தான் இல்லை. முன் அனுமதி கிடைக்காமல் நின்றிருந்த, வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டை கேட்கும் சட்டம் அமலுக்கு வருவதாக டெக்சஸ் அன்றே அறிவித்தது. இப்போது முன் அனுமதிக்கு மிஞ்சிய வழி 3ஆம் பிரிவு: வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக ஒரு வழக்கில் நிரூபணமானால், நீதிமன்றம் அந்த ஒரு மாநிலத்தை அல்லது ஊரை மட்டும் முன் அனுமதிக்குள் கொண்டுவரலாம்.